எல்லா கேமையும் அழிக்கச் சொல்லாதீர்கள்: புதிர் விளையாட்டுகளுக்காக ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பின் வாசகர் பகுதியில் ஒரு தாயார் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். பிள்ளைகளின் கைப்பேசியைப் பிடுங்கி அதில் இருக்கும் எல்லா கேமையும் அழித்தால்தான் படிப்பு உருப்படும் என்று எழுதியிருந்தார். அவருடைய கவலை உண்மையான கவலைதான். நான் கோலாலம்பூர் செந்தூலில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவன், ராத்திரி முழுக்க போனில் சுட்டு விளையாடிவிட்டு மறுநாள் வகுப்பில் தூங்கி வழியும் பையன்களை நானும் பார்க்கிறேன், அவர்களின் அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பேசியும் இருக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் மொத்தமாக அள்ளிக் குப்பையில் போடச் சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. புதிர் விளையாட்டு என்று ஒரு தனி வகை இருக்கிறது, அதற்கு நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது, அதற்குள்ளேயே அருமையானதும் இருக்கிறது, பணம் பிடுங்குவதும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பெற்றோருக்குத் தெரிந்துவிட்டால் வீட்டில் பாதி சண்டை குறையும். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், இடம் போதவில்லை என்றால் இரண்டு வாரமாகப் பிரித்துப் போட்டாலும் சரி.

நான் பார்ப்பது ஒரே ஒரு விஷயத்தைத்தான். விளையாடுகிற பிள்ளை ஓர் இடத்தில் மாட்டிக்கொள்கிறது. அடுத்த அடி வைக்க அதற்கு என்ன தேவை, யோசனையா, காசா? யோசித்தால் வழி பிறக்கும் என்றால் அது புதிர். ஐந்து வெள்ளி கட்டு, இல்லையென்றால் அரை மணி நேரம் காத்திரு, அப்போதுதான் கதவு திறக்கும் என்று சொன்னால், மேலே எவ்வளவு வண்ணமான புதிராகத் தெரிந்தாலும் உள்ளே நடப்பது வியாபாரம். இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு வரலாற்றைப் பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகும்.

கணினிக்கு முன்பே இதெல்லாம் இருந்தது. 1880இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 15 புதிர் என்ற ஒன்று ஊரையே பைத்தியமாக்கியது. நம் ஊர் எழுதுபொருள் கடைகளிலும் பிளாஸ்டிக்கில் தொங்குமே, நான்குக்கு நான்கு சட்டம், அதில் 1 முதல் 15 வரை எண் போட்ட வில்லைகள், ஓர் இடம் மட்டும் காலி, அதேதான். 14ஐயும் 15ஐயும் மட்டும் இடம் மாற்றி வைத்து, சரியாக அடுக்கு பார்க்கலாம் என்று கொடுத்தார்கள். யாராலும் முடியவில்லை. முடியவும் முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு நகர்விலும் ஒரு வில்லையும் காலியிடமும் இடம் மாறிக்கொள்கின்றன, காலியிடம் கிளம்பிய மூலைக்கே திரும்பி வர எப்போதும் இரட்டைப்படை நகர்வுதான் ஆகும், ஆனால் இரண்டு வில்லையை மட்டும் இடம் மாற்றுவதோ ஒற்றைப்படை வேலை. அதே காலத்திலேயே கணித அறிஞர்கள் இதை நிரூபித்துவிட்டார்கள். படிவம் இரண்டு மாணவனுக்கு இதை ஒரு தடவை கையில் கொடுத்து விளக்கிவிட்டால் ஒற்றை, இரட்டை என்பது வெறும் பாடமாக இல்லாமல் ஒரு கருவியாகிவிடுகிறது.

கணினியில் வந்த புதிர்களில் நான் முதலில் வைப்பது சோகோபான். 1982இல் ஜப்பானில் திங்கிங் ராபிட் என்ற நிறுவனம் வெளியிட்டது, உருவாக்கியவர் ஹிரோயுக்கி இமாபயாஷி. ஒரு கிடங்கு, ஒரு தொழிலாளி, சில பெட்டிகள், தரையில் குறி போட்ட சில இடங்கள். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டுபோய் அந்தக் குறிகளில் நிறுத்த வேண்டும். தள்ளலாம், இழுக்க முடியாது, ஒரு நேரத்தில் ஒரு பெட்டியைத்தான் தள்ள முடியும். சட்டம் இவ்வளவுதான், ஆறு வயதுப் பிள்ளைக்கே ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். ஆனால் ஒரு பெட்டி மூலைக்குப் போய்விட்டால் போனதுதான், அதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது, ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது, நமக்கு அது தெரிய மட்டும் இன்னும் இருபது நகர்வு ஆகும். அவசரக்காரப் பிள்ளைகள் எல்லாரும் முதலில் இங்கேதான் விழுவார்கள். அப்புறம் மெல்ல ஒரு பழக்கம் வரும், கையை எடுத்துவிட்டு முதலில் பார்ப்பது. அடுத்து இன்னொரு பழக்கம் வரும், அதுதான் எனக்கு முக்கியம்: கடைசியிலிருந்து பின்னோக்கி யோசிப்பது. இந்தப் பெட்டி குறியில் நிற்க வேண்டுமென்றால் கடைசித் தள்ளு எந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும், அப்படியானால் தொழிலாளி நிற்க அங்கே இடம் இருக்க வேண்டுமே, அந்த இடத்தை இன்னொரு பெட்டி அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்று போகும். வடிவியல் நிரூபணம் எழுதத் திணறும் பிள்ளைக்கு நான் சொல்லிக் கொடுக்க நினைப்பதும் இதே முறைதான்.

இதற்குப் போன்கூட வேண்டாம். சதுரக்கட்டத் தாளில் சுவரை வரைந்து, ஐந்து சென் காசுகளைப் பெட்டியாக வைத்து வகுப்பில் விளையாட வைக்கிறேன். கனடாவைச் சேர்ந்த ஜோசஃப் கல்பர்சன் என்ற கணினி அறிஞர் 1997இல் இந்த விளையாட்டு கணினிக்கே மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று நிரூபித்தார். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை காசை நகர்த்தி விளையாடும் ஒன்றில் இவ்வளவு ஆழம் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உற்சாகமாக இருக்கிறது.

சோகோபானின் வாரிசுகள் ஏராளம். பின்லாந்தைச் சேர்ந்த ஆர்வி தெய்காரி 2019இல் வெளியிட்ட பாபா இஸ் யூ அவற்றில் தனி உயரத்தில் நிற்கிறது. இதிலும் தள்ளுவதுதான் வேலை, ஆனால் தள்ளப்படுவது சொற்கள். ஆட்டத்தின் சட்டங்களே கட்டத்துக்குள் சொற்களாகக் கிடக்கின்றன. சுவர் தடுக்கும் என்ற சட்டம் மூன்று சொல்லாக எழுதிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு சொல்லை நகர்த்திவிட்டால் சட்டம் கலைந்துவிடும், அந்த நொடி முதல் சுவருக்குள் புகுந்து நடந்து போகலாம். பாறைதான் நான் என்று எழுதி வைத்துவிட்டால் நாம் பாறையாகி நகர்வோம். நிபந்தனையை மாற்றினால் விடை மாறும் என்று நான் வாய் வலிக்கச் சொல்வதை இந்த விளையாட்டு ஒரு மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் புரிய வைத்துவிடுகிறது. சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கும், எளிய சொற்கள்தான், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சிரமப்படுவதில்லை.

மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்கும் டெட்ரிஸ் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதம் முடியாது. தொண்ணூறுகளில் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்குப் போனவர்கள் யாரும் அந்தச் சாம்பல் நிறக் கையடக்கப் பெட்டியை மறந்திருக்க மாட்டார்கள், 9999 விளையாட்டு என்று மேலே எழுதியிருக்கும், உள்ளே பார்த்தால் பெரும்பாலும் விழும் கட்டைகளாகவே இருக்கும். அது யாரோ காப்பியடித்துச் செய்தது. மூலம் 1984இல் மாஸ்கோவில் பிறந்தது. சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்சி பஜித்னோவ் என்ற பொறியாளர், எலக்ட்ரோனிகா 60 என்ற கணினியில் எழுதினார். அந்தக் கணினியில் படம் வரையும் வசதியே கிடையாது, கட்டைகளை அடைப்புக்குறிகளால்தான் காட்ட முடிந்தது. ஐந்து சதுரங்களை ஒட்டிச் செய்யும் பென்டோமினோ என்ற பழைய மேசைப் புதிர்தான் அவருக்குப் பொறி. அதில் 12 வடிவங்கள் உண்டு, விழும் வேகத்தில் அத்தனையையும் கையாள முடியாது என்று நான்கு சதுரத்துக்குக் குறைத்தார், 7 வடிவங்கள் கிடைத்தன. பிறகு வாடிம் ஜெராசிமோவ் என்ற 16 வயது மாணவன் உதவியோடு ஐபிஎம் கணினிக்கு மாற்றினார்கள், அங்கிருந்து நெகிழ்தட்டு நெகிழ்தட்டாக நகல் எடுத்து ஊர் ஊராகப் பரவியது.

அப்போது அரசாங்கத்தின் சொத்து அது, செய்தவருக்கு ஒரு காசு கிடையாது. 1989இல் ஹெங்க் ராஜர்ஸ் என்ற வியாபாரி நேரே மாஸ்கோவுக்கே போய், சோவியத் மென்பொருள் ஏற்றுமதி நிறுவனமான எலோர்க்கின் கதவைத் தட்டி, நிண்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கு உரிமை வாங்கினார். அமெரிக்காவில் அந்தக் கருவியோடு டெட்ரிஸ் சேர்த்தே விற்கப்பட்டது, உலகம் முழுக்கப் போனது அப்படித்தான். பஜித்னோவுக்கு உரிமைத்தொகை வர ஆரம்பித்தது 1996இல், அதுவும் அவரும் ராஜர்ஸும் சேர்ந்து நிறுவனம் தொடங்கிய பிறகு. இந்தக் கதையை நான் பிள்ளைகளுக்குச் சொல்லக் காரணம் உண்டு. விற்க வேண்டும், ஆளைப் பிடித்து வைக்க வேண்டும் என்ற கணக்கு எதுவும் இல்லாமல், கட்டைகள் பொருந்துவதைப் பார்க்கும் ஆசைக்காகவே ஒருவர் செய்தது அது.

டெட்ரிஸில் கைவேகம் தேவை, அதனால் இது புதிர்தானா என்று சிலர் கேட்பார்கள். என்னைக் கேட்டால் வேகம் மேலே ஏறும் வரைக்கும் அது சுத்தமான வடிவியல். ஏழு வடிவத்தையும் அட்டையில் வெட்டி, மொத்தம் 28 சதுரம் இருக்கிறதே, நான்குக்கு ஏழு செவ்வகத்தில் அடுக்கிக் காட்டுங்கள் என்று பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். எவ்வளவு நேரம் போனாலும் ஒரே ஒரு கட்டம் உதைக்கும். செவ்வகத்துக்குச் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளை அடித்தால் காரணம் தெரியும்: செவ்வகத்தில் 14 கறுப்பு, 14 வெள்ளை. ஆறு வடிவங்கள் எங்கே வைத்தாலும் இரண்டு கறுப்பு, இரண்டு வெள்ளையை மூடும். ஆங்கில T எழுத்து போன்ற வடிவம் மட்டும் மூன்றும் ஒன்றுமாக மூடும். ஆக 15க்கு 13 என்றுதான் வரும், 14க்கு 14 வரவே வராது. இதைப் பார்த்ததும் பிள்ளைகள் முகத்தில் வரும் மாற்றம் இருக்கிறதே, அதற்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். எஸ் வடிவமும் இசட் வடிவமும் மட்டும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தால் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரரும் கடைசியில் தோற்றே தீர வேண்டும் என்பதையும் 1997இல் ஹைடி பர்கியல் என்ற கணித அறிஞர் நிரூபித்துக் காட்டினார். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் பழைய நிண்டெண்டோ டெட்ரிஸை 157ஆம் நிலை வரைக்கும் கொண்டுபோய், நிரலே திக்கித் திணறி உறைந்துபோகும் இடத்தைத் தொட்டான். மனிதர்களில் அதுவே முதல் தடவை. 29ஆம் நிலைதான் மனிதக் கைக்கு எல்லை என்று பல ஆண்டுகள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

மைன்ஸ்வீப்பரை நம்மில் பலர் அலுவலகக் கணினியில் பார்த்திருப்போம். 1990இல் மைக்ரோசாஃப்ட் ஒரு பொழுதுபோக்குத் தொகுப்பில் கொடுத்தது, 1992இல் விண்டோஸ் 3.1ஓடு சேர்ந்தே வந்தது. கண்ணிவெடி ஒளிந்திருக்கும் கட்டங்களைத் தொடாமல் மற்ற எல்லாக் கட்டங்களையும் திறக்க வேண்டும். திறந்த ஒரு கட்டத்தில் இருக்கும் எண், சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எத்தனை கண்ணிவெடி என்று சொல்கிறது. 1 என்ற எண்ணைச் சுற்றித் திறக்காத கட்டம் ஒன்றுதான் பாக்கி என்றால் வெடி அங்கேதான். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாக உறுதி செய்துகொண்டே போகலாம், சில இடங்களில் மட்டும் குருட்டாம்போக்கில்தான் அழுத்த வேண்டியிருக்கும், அது அந்த ஆட்டத்தின் குறை என்றே நான் நினைக்கிறேன். இங்கிலாந்தின் ரிச்சர்ட் கே என்ற கணித அறிஞர் 2000இல் இதை ஆராய்ந்து, தீர்ப்பவருக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு அறிவிக்கப்பட்டிருக்கும் ஒரு பெரிய கணிதக் கேள்வியோடு இந்தச் சின்ன விளையாட்டுக்கு நேரடித் தொடர்பு உண்டு என்று காட்டினார்.

அதே காலத்து நோக்கியா 3310ஐ எல்லாரும் பாம்பு விளையாட்டுக்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்குள் பந்துமி என்று இன்னொன்றும் இருந்தது. குழிகளில் மணிகளை எடுத்து வரிசையாகப் போட்டுக்கொண்டே போவது, நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழிக்கும் மலாய்க்காரர்களின் சொங்காக்குக்கும் அது உறவுமுறை ஆட்டம். அதைத் திறந்துகூடப் பார்க்காமல் போனை மாற்றியவர்கள்தான் அதிகம் என்பது எனக்கு வருத்தம்.

வேறு வகைகளும் உண்டு, விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் செய்து 1991இல் வெளியான லெமிங்ஸில், கண் மூடிக்கொண்டு நேரே நடந்து பள்ளத்தில் விழப்போகும் சின்ன உயிர்களுக்கு எட்டு விதமான வேலைகளைப் பகிர்ந்து கொடுத்து வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். 1993இல் மில்லர் சகோதரர்கள் வெளியிட்ட மிஸ்ட்டில் ஆயுதம் கிடையாது, எதிரி துரத்தி வருவதும் கிடையாது, ஒரு தீவில் கண்ணையும் காதையும் தீட்டிக்கொண்டு குறிப்புகளைச் சேர்க்க வேண்டும், பல ஆண்டுகள் அதிகம் விற்ற கணினி விளையாட்டு அதுதான். 2007இல் வந்த போர்ட்டல், சுவரில் இரண்டு ஓட்டை போட்டு ஒன்றுக்குள் புகுந்து மற்றொன்றில் வெளியே வருவது. அதன் கரு கல்லூரி மாணவர்கள் சிலர் படிப்பு முடிக்கச் செய்த திட்டத்திலிருந்து வந்தது, அந்த மாணவர்களையே நிறுவனம் வேலைக்கு எடுத்துக்கொண்டது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கணினி விளையாட்டு வடிவமைப்பு படிக்கும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி அந்தத் தாயார் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். ஒரே நிறத்தில் மூன்றைச் சேர்த்தால் மறையும் விளையாட்டுகள் இன்றைக்கு எல்ஆர்டி ரயிலில் ஏறினால் எல்லார் கையிலும் இருக்கின்றன. இதன் ஆரம்பம் 1994இல் ரஷ்யாவில் எவ்கேனி அலெம்ஜின் எழுதிய ஷாரிகி. 2001இல் அமெரிக்காவின் பாப்கேப் வெளியிட்ட பிஜுவல்ட் அதைப் பிரபலமாக்கியது. அதுவரை பெரிய குற்றம் எதுவும் சொல்ல முடியாது. 2012இல் கிங் நிறுவனத்தின் கேண்டி கிரஷ் சாகா வந்தபோதுதான் ஆட்டத்துக்குள் கல்லாப்பெட்டி வந்து உட்கார்ந்தது. ஐந்து உயிர் கொடுப்பார்கள், தோற்றால் ஒன்று போகும், ஓர் உயிர் திரும்ப வர 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். நகர்வுகள் தீர்ந்துபோய் இன்னும் ஒன்றிரண்டு மிட்டாய்தான் பாக்கி என்கிற நேரம் பார்த்து, தங்கக் கட்டி கொடுத்தால் மேலும் ஐந்து நகர்வு என்று கேட்கும், அந்தத் தங்கக் கட்டியைக் காசு கொடுத்து வாங்கலாம். மேலிருந்து எந்த நிற மிட்டாய் விழும் என்பது நம் கையில் இல்லை, அதனால் எவ்வளவு யோசித்தாலும் சில தடவை அதிர்ஷ்டம் இருந்தால்தான் தாண்ட முடியும். இலவசமாகக் கொடுத்த இந்த விளையாட்டை நடத்தும் நிறுவனத்தை 590 கோடி அமெரிக்க டாலருக்கு ஆக்டிவிஷன் பிளிசார்ட் வாங்குவதாக 2015இல் அறிவித்தது. இலவசத்தில் எவ்வளவு காசு இருக்கிறது என்று அந்த ஒரு தொகையே சொல்லும்.

இதை விளையாடும் பெரியவர்களை நான் குறை சொல்லவில்லை. வேலை முடிந்து வரும் வழியில் பத்து நிமிடம் மனம் லேசாக விளையாடுவது அவரவர் உரிமை. ஆனால் பிள்ளைகள் கையில் இதே முறையில் செய்த விளையாட்டுகள் சேரும்போது நிலைமை வேறு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பெயர் வேண்டாம், விளையாட்டின் பெயரும் வேண்டாம், அப்பாவின் வங்கி அட்டை போனோடு இணைந்திருந்ததால் பையன் அழுத்திய ஒவ்வொரு பொத்தானும் மாதக் கடைசியில் கணக்கில் வந்து நின்றது. பையனுக்கு விழுந்த அடி எனக்கு வலித்தது. அவன் திருடவில்லை, மாட்டிக்கொண்ட இடத்தில் யோசிக்க விடாமல் வாங்கு வாங்கு என்று ஒரு பொத்தான் அவன் கண் முன்னால் மின்னிக்கொண்டே இருந்தது. பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது போனில் பணம் கட்டும் வழியைக் கடவுச்சொல் போட்டு அடைப்பது, அடுத்தது பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தை ஒரு மணி நேரம் தாங்களே ஆடிப் பார்ப்பது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதில் வாங்குகிற நமக்கும் பங்கு இருக்கிறது. 2014இல் லண்டனில் செய்த மானுமென்ட் வேலி என்ற அழகான புதிர் வந்தது, ஏறும் படிக்கட்டு இறங்கும் படிக்கட்டாக மாறும், பார்க்கும் கோணத்தை மாற்றினால் இல்லாத பாதை இருப்பதாகும். அப்போது ஒரு தடவை 3.99 டாலர், விளம்பரம் கிடையாது, உயிர் விற்பது கிடையாது. அந்த ஆண்டே கூடுதலாகச் சில நிலைகளைச் செய்து 1.99 டாலருக்கு விற்றபோது, இதற்கும் காசா என்று ஆட்கள் வரிசையாக வந்து ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். அதே ஆண்டில்தான் திரீஸ் என்ற எண் புதிரை ஒரு சிறு குழு ஓராண்டுக்கு மேல் செதுக்கி பிப்ரவரியில் காசுக்கு விற்றது, மறு மாதமே 19 வயது இத்தாலிய இளைஞர் கேப்ரியேலே சிருல்லி அந்த வழியில் வந்த 2048ஐ ஒரு வார இறுதியில் எழுதி இலவசமாக விட்டார், உலகமே 2048 பக்கம் போய்விட்டது. 2048 நல்ல விளையாட்டு, ஒரே எண் உள்ள இரண்டு கட்டைகளைச் சேர்த்தால் இரட்டிப்பாகும், இரண்டின் அடுக்குகளைச் சொல்லித்தர எனக்கு இதைவிட எளிய வழி கிடைத்ததில்லை. ஆனால் மாமாக் கடையில் ஒரு தே தாரிக்கும் ரொட்டி சானாய்க்கும் யோசிக்காமல் கொடுக்கும் காசை ஒரு நல்ல புதிருக்கு ஒரே தடவை கொடுக்க நாம் தயங்கினால், செய்கிறவர்கள் உயிர் விற்கும் வழிக்குத்தான் போவார்கள்.

இப்போது ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன். புதிர்களுக்கும் செய்தித்தாளுக்கும் நெருக்கமான உறவு உண்டு. சுடோக்குவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியப் பெயர் இருந்தாலும் முதலில் வந்தது 1979இல் ஒரு அமெரிக்கப் புதிர் இதழில், செய்தவர் ஹாவர்ட் கார்ன்ஸ். 1984இல் ஜப்பானின் நிக்கோலி இதழ் அதை எடுத்து வளர்த்தது. வேய்ன் கூல்ட் என்ற ஓய்வுபெற்ற ஹாங்காங் நீதிபதி அதைக் கணினியில் உருவாக்க நிரல் எழுதி, 2004 நவம்பரில் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் வரவைத்தார், ஒரே ஆண்டில் உலகம் முழுக்கப் போய்விட்டது. குறைந்தது 17 எண்ணாவது கொடுத்தால்தான் ஒரே விடை வரும் என்பதை 2012இல் அயர்லாந்துக் கணித அறிஞர்கள் கணினியை ஓட்டி நிரூபித்தார்கள். அப்புறம் ஜோஷ் வார்டல் என்பவர் தன் துணைவிக்காகச் செய்த வேர்டில். ஒளிந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சிக்குள் ஊகிக்க வேண்டும், ஒவ்வொரு ஊகத்துக்கும் எந்த எழுத்து சரி, எது தப்பு என்று குறிப்பு வரும். 2021 நவம்பர் முதல் தேதி 90 பேர் ஆடினார்கள், இரண்டு மாதத்தில் மூன்று லட்சம் பேர், 2022 ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கிவிட்டது. அதில் எனக்குப் பிடித்தது ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று என்பதுதான். முடிந்ததும் அது உங்களை விட்டுவிடுகிறது, இன்னும் வேண்டும் என்றால் நாளைக்குத்தான்.

தமிழில் வேர்டில் மாதிரி ஒன்றைச் செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் செய்ததை அப்படியே எடுத்துப் போட்டால் ஒத்துவராது. மிதவை என்பதில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினியின் கணக்கில் ஐந்து, கொக்கியையும் கொம்பையும் அது தனித்தனியாக எண்ணும். அதைச் சரிசெய்வது நிரல் எழுதுகிறவருக்குப் பெரிய வேலை இல்லை. முக்கியமான விஷயம் வேறு. 26 எழுத்தில் ஒன்றைக் கண்டுபிடிப்பதும் 247இல் ஒன்றைக் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல, ஐந்தாறு முயற்சியில் யாருக்கும் வராது. ஆனால் நம் உயிர்மெய் எழுத்துக்குள் மெய்யும் உயிரும் தனித்தனியாக இருக்கின்றனவே, குறிப்பையும் தனித்தனியாகக் கொடுக்கலாம். மெய் சரி உயிர் தப்பு, உயிர் சரி மெய் தப்பு, இரண்டும் சரி, இரண்டும் தப்பு. இப்படிச் செய்தால் எழுத்து கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகூட உயிர்மெய்யைப் பிரித்துப் பார்க்க வேண்டி வரும், அதுவும் தானாக ஆசைப்பட்டு.

தாளில் அச்சிடவும் முடியும். சொற்களையும் குறிப்புகளையும் கொடுத்துவிட்டு, ஒளிந்திருக்கும் சொல்லை வாசகர் கண்டுபிடிக்கட்டும். மாதிரிக்கு ஒன்று தருகிறேன். தேட வேண்டியது மூன்றெழுத்துச் சொல். முதல் ஊகம் மிதவை: முதல் எழுத்தில் மெய் சரி, உயிர் தப்பு. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் உயிர் சரி, மெய் தப்பு. இரண்டாம் ஊகம் காதணி: முதல் எழுத்தில் உயிர் சரி, மெய் தப்பு. இரண்டாவதில் மெய் சரி, உயிர் தப்பு. மூன்றாவதில் இரண்டுமே தப்பு. மூன்றாம் ஊகம் கழுதை: முதல் எழுத்தில் இரண்டும் தப்பு. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் உயிர் சரி, மெய் தப்பு. இவ்வளவு போதும், ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் படிப்படியாக வந்துவிடும்.

வாரத்தில் ஒரு நாள் மாணவர் பக்கத்தில் ஒரு கைப்பிடி இடம் ஒதுக்குங்கள், விடையை மறு வாரம் போடுங்கள். மூன்றெழுத்தில் ஆரம்பித்து நான்கெழுத்துக்குப் போகலாம், தொடக்கத்துக்குத் தேவையான புதிர்களை நானே தயார் செய்து, விடை ஒன்றுதான் வருகிறதா என்று சரிபார்த்து அனுப்பி வைக்கிறேன், அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம். போன வாரம் எழுதிய அம்மாவும் பிள்ளையோடு உட்கார்ந்து மேலே உள்ள புதிரைப் போட்டுப் பார்த்து, விடையை உங்கள் முகவரிக்கு எழுதட்டும்.

இப்படிக்கு,
கணக்கு டியூஷன் ஆசிரியர் ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்.